மீந்த அட்டை

தண்ணீர் குடியுங்கள் அம்மா. முதலில் அதைக் குடித்து மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு பேசலாம். சாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் கிளம்பியிருக்கிறீர்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. உங்கள் மகள் நலமாக இருக்கிறாள். இந்த ஜன்னல் வழியாகப் பாருங்கள், அரங்கம் முழுவதும் தெரியும். வரிசையின் கடைசியில் ஊதாச் சுடிதார் போட்டு நிற்கிறாளே, அது செண்பகம்தானே? கூப்பிட வேண்டாம். கையையும் காட்ட வேண்டாம். உள்ளே வாக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கிறது. அது முடியும்வரை பெற்றோர் உள்ளே போகக் கூடாது, ஆசிரியர்களும் போகக் கூடாது. பார்வை படும் தூரத்தில் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் எங்கள் உரிமை. விதியை எழுதியவளே நான். நானே அதை மீறலாமா?

என் பெயர் கோமதி. அரசியல் அறிவியல் துறை. மாணவியர் பேரவைக்கு ஆலோசகர். உங்கள் மகளுக்கு நான் பாடம் எடுத்ததில்லை, அவள் வேதியியல். ஆனாலும் நன்றாகத் தெரியும். அமைதியான பெண். இப்போது கொஞ்சம் அதிகமாகவே அமைதியாகிவிட்டாள்.

போனில் அழுதாளா? வந்து கூட்டிக்கொண்டு போ என்றாளா, பிறகு உடனேயே வராதே என்றாளா. இந்த வயதில் அப்படித்தான் அம்மா. மனம் ஒரு நிலையில் நிற்காது. அதனால்தான் எதையும் வாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்கிறேன். தனி மனம் தடுமாறும். கூடிய மனம் தடுமாறாது.

எங்கள் கல்லூரியில் இதற்குப் பொதுவாக்கெடுப்பு என்று பெயர். பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பது வேறு, இது வேறு. இதில் ஆளுக்கு இடமில்லை. ஒரு கேள்வி, அதற்கு ஆம் அல்லது இல்லை. விடுதி மாணவியரில் பத்தில் ஒருவர் கையொப்பமிட்டு மனுக் கொடுத்தால் பேரவை அந்தக் கேள்வியை வைத்தே ஆக வேண்டும். பாதிப் பேருக்கு மேல் வந்து வாக்களிக்க வேண்டும். எந்தப் பக்கம் அதிகமோ அதுவே முடிவு. முதல்வரும் அதை மாற்ற மாட்டார். வேறு எந்தக் கல்லூரியில் பெண்பிள்ளைகளுக்கு இவ்வளவு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள், சொல்லுங்கள் பார்ப்போம். முன்பெல்லாம் டிவியை எத்தனை மணிக்கு அணைப்பது, ஞாயிற்றுக்கிழமை பூரியா பொங்கலா, இப்படித்தான் கேள்விகள் வரும். இந்த ஆண்டுதான் பிள்ளைகள் பெரிய விஷயங்களுக்கு வந்திருக்கிறார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

என் பங்கு ஒன்றே ஒன்று. கேள்வியைத் திருத்திக் கொடுப்பது. கேள்வியில் யார் பெயரும் இருக்கக் கூடாது. அது மூன்றாம் விதி. பெயர் இருந்தால் சிவப்பு மையால் அடித்துவிடுவேன். பெயர் இல்லாத கேள்வி யாரையும் புண்படுத்தாது, பாருங்கள். நான் வேறு எதுவும் செய்வதில்லை. யாரை எதிர்த்தும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெயரை மட்டும் அடிப்பேன்.

வாக்களிக்கிற முறையும் நான் வகுத்ததுதான். அதோ அந்த மேசையில் ஒவ்வொரு பெண்ணுக்கும் இரண்டு அட்டை கொடுக்கிறார்கள். பச்சை ஆம். சிவப்பு இல்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு அந்தத் திரைக்குப் பின்னால் போக வேண்டும். அங்கே பூட்டிய தகரப் பெட்டி இருக்கிறது. தன் மனதுக்குச் சரியென்று பட்ட அட்டையை அதில் போட வேண்டும். யாரும் பார்க்க முடியாது. கனமான திரை, நானே கடையில் விரித்துப் பார்த்து வாங்கினேன். வெளியே வந்ததும் கையில் மீந்திருக்கும் அட்டையை, அதோ வாசலருகே எவர்சில்வர் தாம்பாளம் வைத்துக்கொண்டு இரண்டு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்களே, அதில் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

ஏன் திரும்ப வாங்குகிறோம் என்றால், முதல் வருடம் பிள்ளைகள் மீந்த அட்டையை அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அடுத்த வாக்கெடுப்பில் ஒருத்தியே இரண்டு போட்டாள். அந்தத் தவறு இனி நடக்காது. தாம்பாளம் வைத்ததிலிருந்து ஒரு அட்டைகூட வெளியே போகவில்லை.

என்ன கேட்டீர்கள்? மீந்ததைப் பார்த்தால் போட்டது தெரிந்துவிடாதா என்றா?

அது வாக்கு அல்ல அம்மா. வாக்கு பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டி பூட்டியிருக்கிறது. சாவி என்னிடம் இருக்கிறது, இதோ. தாம்பாளத்தில் விழுவது வெறும் மிச்சம். அதை யாரும் பார்க்கக் கூடாது என்று ஏழாம் விதியில் தெளிவாக எழுதியிருக்கிறேன். அந்த இரண்டு பெண்களும் உறுதிமொழி எடுத்தவர்கள். பார்க்கக் கூடாது என்று எழுதியபிறகு எப்படிப் பார்ப்பார்கள்?

வேடிக்கை என்னவென்றால் உங்கள் மகளும் இதையேதான் பிடித்துக்கொண்டாள். போன மாதம் என் அறை வாசலில் வந்து நின்றாள். "மேம், அந்தத் தாம்பாளத்தை எடுத்துருங்க மேம்" என்றாள். "எடுத்துவிட்டு அட்டைகளை எங்கேம்மா வைப்பது, தரையிலா?" என்று கேட்டேன். போய்விட்டாள். தாம்பாளத்தின்மேல் ஒரு பெண்ணுக்கு அப்படி என்ன வெறுப்பு என்று எனக்கு விளங்கவேயில்லை.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். கோர்வையாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

செண்பகத்தின் அறையில் ஜெனிஃபா என்றொரு பெண் இருந்தாள். வீட்டுக்குக்கூட அழைத்து வந்திருக்கிறாளா? அவள்தான். கடற்கரைப் பக்கத்துப் பெண், வாய் கொஞ்சம் நீளம். தை மாதத்தில் ஒருநாள் விடுதிச் சாம்பாரில் ஏதோ கோளாறு. நிறையப் பிள்ளைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. இரண்டு பேரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. நடக்கக்கூடியதுதான். இந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? வார்டனிடம் சொல்லவில்லை, பேரவையில் சொல்லவில்லை. நேராக உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டுவிட்டாள். அவர்கள் வந்தார்கள், சமையலறையைத் திறந்து பார்த்தார்கள், சீல் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அதன்பிறகு சில வாரம் விடுதியில் அடுப்பு எரியவில்லை. தேர்வு நேரம் வேறு. பன்னும் வாழைப்பழமும் தின்றுகொண்டு பிள்ளைகள் படித்தார்கள். கோபம் வராமல் இருக்குமா? முதல்வர் என்னைக் கூப்பிட்டு, "கோமதி, மாணவியர் விஷயம் மாணவியரோடேயே முடிஞ்சிரட்டும், வெளியே போக வேண்டாம்" என்றார். மெஸ் காண்டிராக்ட் எடுத்திருப்பவர் எங்கள் கல்லூரிச் செயலாளரின் மைத்துனர். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை, ஒரு தகவலுக்காகச் சொன்னேன்.

பேரவைத் தலைவி வர்ஷினி மனுவோடு வந்தாள். அதோ மேடைக்குக் கீழே நிற்கிறாளே, உயரமாக, அவள்தான். கெட்டிக்காரப் பெண். பணிவு என்றால் அப்படி ஒரு பணிவு. மனுவில், ஜெனிஃபா மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று எழுதியிருந்தது. நான் பெயரை அடித்தேன். மன்னிப்பு என்பதும் கடுமையாகத் தெரிந்தது, அதை வருத்தம் என்று மாற்றினேன். 'பேரவைக்குத் தெரிவிக்காமல் வெளியே புகார் செய்தவர் பேரவைமுன் வருத்தம் தெரிவிக்க வேண்டுமா?' எவ்வளவு நாகரிகமான வாக்கியம், பாருங்கள்.

"ஓட்டுதானே மேம், யாரையும் நாங்க கட்டாயப்படுத்தலையே" என்றாள் வர்ஷினி. உண்மைதான். யார் கட்டாயப்படுத்தினார்கள்?

ஜெனிஃபா என்னிடம் வந்தாள். "மேம், நான் சாம்பாரைப் பத்தித்தான சொன்னேன், இவங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே" என்றாள். "கேள்வியில் உன் பெயர் எங்கேயம்மா இருக்கிறது?" என்று கேட்டேன். அவளால் காட்ட முடியவில்லை.

வாக்கெடுப்பு அருமையாக நடந்தது. இதே ஜன்னலருகே உட்கார்ந்துதான் பார்த்தேன். ஒவ்வொருத்தியாகத் திரைக்குப் பின்னால் போய் வந்தார்கள், தாம்பாளத்தில் சிவப்பு அட்டைகள் விழுந்துகொண்டே இருந்தன. ஜெனிஃபாவும் வந்தாள். அவளும் சிவப்பைத்தான் வைத்தாள். குங்குமம் குவித்ததுபோல் இருந்தது தாம்பாளம். நடுவில் ஒரே ஒரு பச்சை. எப்படி விழுந்ததோ, எல்லாவற்றுக்கும் மேலே வந்து உட்கார்ந்துகொண்டது.

பெட்டியைத் திறந்து எண்ணினேன். எல்லாம் ஆம். ஒன்று மட்டும் 'இல்லை'. அந்த ஒருத்தி யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் கூடாது. ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் விடுதி முழுவதும் தெரிந்துவிட்டது. செண்பகம், செண்பகம் என்று படிக்கட்டுகளில்கூடப் பேச்சு. இந்தப் பெண்களுக்கு அப்படி ஒரு நுண்ணறிவு. எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்களோ. ரகசியத்துக்கு நான் உத்தரவாதம், பெட்டியிலிருந்து ஒரு சொல்கூட வெளியே போகவில்லை.

ஜெனிஃபா மேடையேறி வருத்தம் தெரிவித்தாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். எவ்வளவு பெருந்தன்மை என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பெண் அந்த வாரமே ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. பருவத் தேர்வும் எழுதவில்லை. அலுவலகத்திலிருந்து போன் செய்தால் யாரும் எடுப்பதில்லை. மாற்றுச் சான்றிதழ்கூட வாங்காமல் யாராவது போவார்களா? பொறுப்பில்லாத பிள்ளைகள்.

அதன்பிறகு செண்பகம் அந்த அறையில் தனியாக இருந்தாள். வேறு யாரும் அங்கே போக விரும்பவில்லை. அதற்கு நாம் என்ன செய்ய முடியும், விருப்பம் அவரவருடையது.

இல்லை, கொடுமை என்றெல்லாம் சொல்லாதீர்கள். நான் விசாரித்தேன். புகார் என்று காதில் விழுந்தால் விசாரிக்காமல் விடுகிறவள் அல்ல நான். அவளுடைய வாளி காணாமல் போனது, சரி, விடுதியில் வாளி காணாமல் போவது புதிதல்ல. கொடியில் காய்ந்த துணி சேற்றில் கிடந்தது, காற்றடித்திருக்கும். மெஸ்ஸில் அவள் உட்கார்ந்தால் அந்த மேசையில் இருப்பவர்கள் எழுந்து விடுகிறார்கள் என்றார்கள். சாப்பிட்டு முடித்தால் எழுந்திருக்கத்தானே வேண்டும்? மாடி மாடியாகப் போய், அறை அறையாகக் கேட்டேன். செண்பகத்தை யாராவது ஏதாவது சொன்னீர்களா என்று கேட்டேன். எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள், "இல்ல மேம், நாங்க அவகிட்ட ஒரு வார்த்தைகூடப் பேசல." அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். நான் நிம்மதியாகக் கீழே இறங்கி வந்தேன்.

ஆமாம், இளைத்திருக்கிறாள். தேர்வு நேரத்தில் எல்லாப் பிள்ளைகளும் இளைப்பார்கள்.

இன்றைக்கு என்ன கேள்வி என்று கேட்கிறீர்கள். நியாயம், நீங்கள் தாய், உங்களுக்குச் சொல்ல வேண்டும். வர்ஷினி கொண்டுவந்த மனுவில் செண்பகம் இனி விடுதியில் இருக்கக் கூடாது என்று நேரடியாக எழுதியிருந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. கண்டித்தேன். "ஒரு பெண்ணின் பெயரைப் போட்டு இப்படி எழுதலாமா?" என்றேன். "சாரி மேம், நீங்களே திருத்திக் குடுங்க மேம்" என்றாள். திருத்தினேன். பெயரை அடித்தேன். கூடாது என்ற எதிர்மறையையும் எடுத்துவிட்டேன், அது நடுநிலைக்கு இடையூறு. இப்போது கேள்வி இதுதான்: 'பேரவையின் ஒற்றுமைக்கு உடன்படாதவர் விடுதியில் தொடர்ந்து தங்கலாமா?' தங்கலாம் என்றால் பச்சை. வேண்டாம் என்றால் சிவப்பு. உங்கள் மகளுக்குச் சாதகமாகவே வாக்கியத்தை அமைத்திருக்கிறேன். அவளுக்காக நான் செய்யக்கூடியது அவ்வளவுதான், அதைச் செய்துவிட்டேன்.

விடுதி இல்லையென்றால் படிப்பே இல்லை என்று தெரியும் அம்மா. சாத்தூரிலிருந்து தினமும் வந்து போக முடியாது. வீட்டுக்கு வந்துவிட்டால் அவளுடைய தாய்மாமன் சித்திரையில் தாலி கட்டிவிடுவார் என்று நீங்கள்தானே சற்றுமுன் சொன்னீர்கள். இன்னும் ஒரே ஆண்டு, பட்டம் வாங்கிவிட்டால் மறுத்துப் பேச அவளுக்கு ஒரு கால் ஊன்ற இடமாவது இருக்கும் என்றீர்கள். எல்லாம் புரிகிறது. ஆனால் அதையெல்லாம் கேள்வித்தாளில் எழுத முடியாது. எழுதினால் வாக்காளரின் மனதில் செல்வாக்குச் செலுத்தியதாகிவிடும்.

உட்காருங்கள். எழுந்து நின்றால் உள்ளே இருப்பவர்கள் பார்ப்பார்கள்.

பாருங்கள், எவ்வளவு ஒழுங்கு. இத்தனை பெண்கள் இருக்கும் இடத்தில் ஒரு சத்தம் கேட்கிறதா? மின்விசிறிச் சத்தம்தான் கேட்கிறது. பொதுவாக்கெடுப்பு வந்தபிறகு விடுதியே இப்படித்தான் ஆகிவிட்டது. முன்பெல்லாம் மாடியில் பாட்டும் கூத்துமாக இருக்கும், வார்டன் பிரம்பை எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். இப்போது வார்டனுக்கு வேலையே இல்லை.

என்ன, முகம் மலர்ந்துவிட்டது உங்களுக்கு? தாம்பாளத்தைப் பார்த்தா? பச்சையாக நிறைந்திருக்கிறது என்றா? வெற்றிலைக் கட்டைப் பிரித்து அடுக்கினாற்போல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள் அம்மா. சொன்னேனே, அது மிச்சம். பச்சையை வெளியே வைத்தவர்கள் உள்ளே போட்டது எதுவோ, அதுதான் வாக்கு. அதை நாம் ஊகிக்கக் கூடாது. எண்ணும்வரை யாருக்கும் எதுவும் தெரியாது.

ஏன் அழுகிறீர்கள்? இன்னும் ஒன்றும் தெரியாதே.

இதோ, ஒரு சிவப்பு விழுகிறது. பார்த்தீர்களா, எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ஜனநாயகம் என்றால் இப்படித்தான் இருக்கும். யார் வைத்தது? முதலாண்டுக் கணிதப் பெண் போலிருக்கிறது, இரட்டைப் பின்னல் போட்டவள். செண்பகத்தின் எதிர் அறை. அட்டையை வைத்துவிட்டுக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொள்கிறாள், வியர்வை போலும். எல்லோரும் ஏன் அவளையே திரும்பிப் பார்க்கிறார்கள்? உறுதிமொழி எடுத்த பெண்கள்கூட. ஏழாம் விதியை மறுபடி ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும்.

செண்பகம்தான் கடைசி. திரைக்குப் பின்னால் போயிருக்கிறாள். நேரம் எடுத்துக்கொள்கிறாள். எடுத்துக்கொள்ளட்டும், அவசரப்படுத்தக் கூடாது என்றும் ஒரு விதி இருக்கிறது. வாக்களித்தவர்கள் கலைந்து போகலாம், ஆனால் ஒருவரும் போகவில்லை பாருங்கள். இவ்வளவு ஈடுபாடு.

வந்துவிட்டாள். உங்களைப் பார்த்துவிட்டாள். ஜன்னலைத்தான் பார்க்கிறாள். சிரிக்காதீர்கள், தலையாட்டாதீர்கள், எதுவும் செய்யாதீர்கள். கையில் அட்டை தெரியவில்லை, மூடி வைத்திருக்கிறாள். விசித்திரமாக இருக்கிறது அம்மா. பெட்டி உள்ளே இருக்கிறது, வாக்கு உள்ளே இருக்கிறது, திரையை ஒருத்தியாவது பார்க்க வேண்டுமே. இத்தனை பேரும் அவளுடைய கையைப் பார்க்கிறார்கள். அந்த இரட்டைப் பின்னல் பெண்ணும் சுவரோரம் நின்று கையைத்தான் பார்க்கிறாள்.

வைத்துவிட்டாள்.

பச்சை. எல்லோரையும்போல அவளும் பச்சையைத்தான் வைத்தாள். இதைத்தான் நான் எதிர்பார்த்தேன். எல்லோரோடும் சேர்ந்துவிட்டாள், பாருங்கள். இத்தனை நாள் கழித்து இன்றைக்குத்தான் அவள் முகத்தில் ஒரு தெளிவு தெரிகிறது. ஒரு பெண் தோளில் கைபோடுகிறாள். இன்னொருத்தி ஏதோ பேசுகிறாள். பேசவில்லை பேசவில்லை என்றீர்களே, பேசுகிறார்கள் பாருங்கள். பெட்டி படுக்கையைக் கட்டக்கூட உதவி செய்வார்கள் போலிருக்கிறது.

எங்கே போகிறீர்கள்? இருங்கள், இன்னும் எண்ண வேண்டும். நான் போய்ப் பூட்டைத் திறந்து எண்ணி அறிவித்தால்தான் முடிவு.

கணிதப் பெண் மட்டும் சுவரோரமே நிற்கிறாள். அவளைச் சுற்றி இருந்தவர்கள் நகர்ந்துவிட்டார்கள். ஏதோ அவளுக்கு இடம் விட்டதுபோல் இருக்கிறது.

வர்ஷினி இங்கேதான் வருகிறாள். கையில் காகிதம். பெட்டியையே இன்னும் திறக்கவில்லை, அதற்குள் அடுத்த மனு. இந்த வேகம் எந்தக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வரும்? கையொப்பம் இனிமேல்தான் வாங்க வேண்டும், அதில் சிரமம் இருக்காது. "வா வர்ஷினி. உட்காரும்மா. இவங்க செண்பகத்தோட அம்மா." பார்த்தீர்களா, கேட்காமலே கை குவிக்கிறாள். அவ்வளவு பணிவு.

கொடும்மா, பார்க்கிறேன். ம். மறுபடியும் அதே தவறு. எத்தனை தடவை சொன்னாலும் முதல் வரியிலேயே பெயரை எழுதிவிடுகிறார்கள்.

என் பேனாவை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். உங்கள் பையில் பேனா இருந்தால் கொஞ்சம் கொடுங்கள் அம்மா. ஒரே ஒரு பெயரைத்தான் அடிக்க வேண்டும்.